சுவிட்சைப் போட்டது யார்?

(வி.கே.புரம் என்கிற விக்கிரமசிங்கபுரத்தில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தானாக எரியும் விளக்கு, தானாக ஓடும் மோட்டார், போனைத் தட்டினால் நிற்கும் ஃபேன், இவற்றைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். ஸ்மார்ட் ஹோம் என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். சென்னையில் பேசுவதைவிட வி.கே.புரத்தில் இதைப் பேசுவது எனக்குச் சுலபம். யந்திரத்தோடு மூன்று நான்கு தலைமுறை பழகிய ஊர் இது. 1880-களில் ஹார்வி சகோதரர்கள் இங்கே நூற்பாலை வைத்தபோது, பாபநாசத்து அருவித் தண்ணீரின் விசையை நம்பித்தான் வைத்தார்கள். அப்போது இந்தப் பக்கத்தில் கரண்டு என்ற சொல்லே புழக்கத்தில் இல்லை. பைக்காரா 1932, மேட்டூர் 1937 என்று வந்த வரிசையில் 1944-ல் பாபநாசம் நீர்மின் நிலையம் வந்தது. மலையிலிருந்து இறங்கிய தண்ணீர் முதலில் மில்லை ஓட்டியது, பிறகு ஊர் ஊராக விளக்கை எரித்தது. ஆகவே இன்று நான் சொல்லப்போகும் விஷயத்தில் பாதி உங்களுக்கு முன்பே தெரியும். பெயர்தான் புதிது.

மில் அண்ணாச்சிமார்களிடமிருந்தே தொடங்குகிறேன். ஸ்டாப் மோஷன் என்ற ஏற்பாடு உங்களுக்குத் தெரியும். தறியில் பாவு நூல் ஒன்று அறுந்தால், அந்த நூலில் தொங்கிக்கொண்டிருந்த சின்னத் தகடு கீழே விழும். விழுந்த மாத்திரத்தில் தறி நிற்கும். டிராயிங் மெஷினில் பஞ்சுத் திரி அறுந்தாலும் இதே கதைதான். யந்திரம் தானாக நின்று விளக்கைக் காட்டிவிடும். இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. நூலைப் பிணைத்து முடித்ததும் தறி தானாக ஓடத் தொடங்குவதில்லை. ஆள் வந்து, பார்த்து, கையை வைத்து ஓட்டினால்தான் ஓடும். நிற்பதற்கு யந்திரத்துக்கு முழு உரிமை கொடுத்தவர்கள், ஓடுவதற்கான உரிமையை ஆளிடமே வைத்துக்கொண்டார்கள். நூலைப் பிணைப்பவரின் விரல் உள்ளே இருக்கலாம் அல்லவா?

மோட்டார் ஸ்டார்ட்டரிலும் இதைத்தான் செய்தார்கள். பச்சைப் பொத்தானை அமுக்கினால் உள்ளே காயில் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், மோட்டார் ஓடும். கரண்டு போனால் காயில் விட்டுவிடும். கரண்டு திரும்பி வந்தாலும் மோட்டார் பேசாமல் நிற்கும். மறுபடியும் ஒருவர் வந்து பச்சைப் பொத்தானை அமுக்க வேண்டும். நோ வோல்ட் காயில் என்று எலக்ட்ரீஷியன்கள் சொல்வது இதைத்தான். யந்திரம் எதிர்பாராமல் ஓடத் தொடங்குவதைத் தடுக்க ஐஎஸ்ஓ 14118 என்று ஒரு தனித் தரமே உலக அளவில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதன் சாரம் மில் பணியாளர் ஒவ்வொருவருக்கும் அனுபவத்தில் தெரியும்.

இனி வயற்காட்டுக்கு வாருங்கள். விவசாய இணைப்புகளுக்கு மூன்று ஃபேஸ் கரண்டு முறை வைத்துக் கொடுத்த காலங்களில், நடுராத்திரி கரண்டு வந்தால் எழுந்துபோய் மோட்டார் போட யாருக்கு முடியும்? அதற்காக ஆட்டோ சுவிட்ச் என்று ஒரு பெட்டி வந்தது. கரண்டு வந்ததும் அதுவே ஸ்டார்ட்டரைப் போட்டுவிடும். விவசாயிக்குத் தூக்கம் மிச்சம். ஆனால் ஒரு டிரான்ஸ்ஃபார்மரில் இருபது மோட்டார் இருந்து, இருபதிலும் ஆட்டோ இருந்தால் என்ன ஆகும்? இண்டக்ஷன் மோட்டார் நேரடியாகக் கிளம்பும் நொடியில், ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்டை இழுக்கும். இருபதும் ஒரே நொடியில் கிளம்பினால் வோல்டேஜ் விழும், ஒரு மோட்டாரும் முழு வேகத்துக்கு ஏறாது, ஃபியூஸ் போகும், சில நேரம் டிரான்ஸ்ஃபார்மரே போகும். டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தால் மாற்றி வரும் வரைக்கும் நெல் காயும். இதில் எந்த விவசாயியும் தப்பு செய்யவில்லை. அந்தப் பெட்டிக்குக் கரண்டு வந்த செய்தியே மோட்டார் போடச் சொல்லும் உத்தரவு. வந்தது செய்தியா உத்தரவா என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது.

நம் வீட்டுச் சுவரில் இப்போது ஏறிக்கொண்டிருக்கும் ஸ்மார்ட் சுவிட்சின் பிரச்சினையும் இதேதான். ஏற்கெனவே இருக்கிற சுவிட்ச் போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு மாட்யூலை வைக்கிறார்கள். உள்ளே ஒரு ரிலே, ஒரு வைஃபை சிப். ஷாங்காயைச் சேர்ந்த எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2014-ல் கொண்டுவந்த இஎஸ்பி8266 என்ற சிப் மலிவாகக் கிடைத்ததால் இது சாமானிய வீட்டுக்கும் வந்துவிட்டது. சுவரில் சுவிட்சைப் போட்டாலும் எரியும், போனில் தட்டினாலும் எரியும். அதோடு நின்றிருந்தால் நான் இங்கே வந்து பேச வேண்டியதே இல்லை. 'இது நடந்தால் அதைச் செய்' என்று விதி எழுதலாம் என்கிறார்கள். வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

நம்ம ஊரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் ஷார்ஜாவில் இருக்கிறார். ஊரில் தாத்தாவும் ஆச்சியும் மட்டும். மகன் லீவில் வந்தபோது ஆசையாக எல்லாவற்றையும் மாட்டி, பெற்றோருக்கு உதவட்டும் என்று விதிகளும் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். முதல் விதி: எட்டு மணிக்கு மேல் படுக்கையறை டியூப்லைட் அணைந்தால், அவர்கள் தூங்கப் போய்விட்டார்கள் என்று பொருள். ஹால் விளக்கை அணை, டிவி பிளக்கை அணை, வாசல் விளக்கைப் போடு. இரண்டாவது விதி: படுக்கையறை விளக்கு எரிந்தால் எழுந்துவிட்டார்கள் என்று பொருள். கீசரைப் போடு.

ஐப்பசி மாதம். சாயங்காலம் நல்ல மழை பெய்து விட்டிருக்கிறது. எட்டேகால் மணிக்குப் படுக்கையறை ஜன்னல் வழியாக ஈசல் கூட்டமாக வந்து டியூப்லைட்டைச் சுற்றி மொய்க்கிறது. ஆச்சி என்ன செய்வாள்? எல்லா ஆச்சிகளும் செய்வதைத்தான். விளக்கை அணைத்தாள். அந்த நொடி ஹாலில் தாத்தா சாப்பாட்டுத் தட்டோடு இருட்டில் உட்கார்ந்திருக்கிறார். சீரியல் பாதியில் நின்றுவிட்டது. வாசலில் விளக்கு பளிச்சென்று எரிகிறது, ஈசல் அத்தனையும் இப்போது அங்கே. "ஏ, என்னத்தளா அமுக்குன?" என்று தாத்தா சத்தம் போட, ஆச்சி பதறிப்போய் மறுபடி சுவிட்சைப் போடுகிறாள். வீடு விடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு கீசரைப் போட்டுவிட்டது. ராத்திரி முழுக்கக் கீசர் ஓடினது யாருக்கும் தெரியாது. கரண்டு பில் வரும்போது மின்வாரியத்தைத் திட்டுவார்கள்.

ஆச்சி ஈசலுக்காக விளக்கை அணைத்தாள். வீடு அதைத் தூக்கம் என்று எடுத்துக்கொண்டது. மகன் எழுதிய விதியில் ஓட்டை எங்கே? நேரத்தை எட்டிலிருந்து ஒன்பதாக மாற்றினால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. ஒன்பதரைக்கு ஈசல் வரும், இல்லையென்றால் பல்பு மாற்ற அணைப்பார்கள், பேத்தி விளையாட்டுக்கு அமுக்குவாள். விளக்கு அணைந்திருப்பது ஒரு நிலை. 'நான் தூங்கப் போகிறேன்' என்பது ஒரு சொல். மகன் நிலையைப் பிடித்துச் சொல்லாக வாசித்துவிட்டார். காலையில் கீசர் போடுகிற விதிக்கும் இதே கோளாறுதான்.

இதற்கு வழி இருக்கிறது, பெரிய செலவும் இல்லை. நம் வீட்டு போர்டுகளில் எதற்கும் இணைக்காமல் ஒரு சுவிட்ச் எப்போதும் சும்மா இருக்கும். கட்டில் தலைமாட்டுப் பக்கம் இருக்கும் அப்படி ஒரு சுவிட்சை மாட்யூலோடு இணைத்து, 'டிடாச்டு' என்ற அமைப்பில் வையுங்கள். ஷெல்லி மாட்யூல், டாஸ்மோட்டா மென்பொருள் போன்றவற்றில் இந்த வசதி இருக்கிறது. இந்த அமைப்பில் சுவிட்ச் எந்த ரிலேயையும் தொடாது. அமுக்கினால் 'என்னை அமுக்கினார்கள்' என்ற தகவலை மட்டும் அனுப்பும். தூக்கத்துக்கான விதி அந்தத் தகவலை மட்டும் கேட்கட்டும். டியூப்லைட் சுவிட்ச் டியூப்லைட்டை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். பிறகு எத்தனை ஈசல் வந்தாலும் தாத்தா நிம்மதியாகச் சாப்பிடலாம். ஒரு சுவிட்சுக்கு ஒரு வேலை என்பது வயரிங் தொழிலில் பழைய பாடம்.

அடுத்தது கரண்டு கட். இதற்கு நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன். வீட்டைத் தலைகீழாக ஆக்குவதில் ஈசலைவிடக் கரண்டு கட்டுக்குத்தான் பங்கு அதிகம்.

ராத்திரி ஏழு மணிக்கு இடி மின்னலோடு கரண்டு போகிறது. அப்போது ஹால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெரியவர்கள் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்கள். இரண்டு மணிக்குக் கரண்டு வருகிறது. ஹால் விளக்கு எரிகிறது. மகன் இன்னொரு விதியும் எழுதியிருந்தார்: பதினொன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் ஹால் விளக்கு எரிந்தால் வீட்டில் யாரோ நடமாடுகிறார்கள், எனக்குத் தகவல் அனுப்பு. ஷார்ஜாவில் போன் அலறுகிறது. அவர் பயந்துபோய் பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்குப் போன் போடுகிறார். அண்ணாச்சி டார்ச்சோடு வந்து கதவைத் தட்டுகிறார். தூக்கத்திலிருந்து எழுந்த தாத்தாவுக்கு நெஞ்சு படபடக்கிறது. திருடன் வரவில்லை, கரண்டுதான் வந்தது.

இதில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. முதலாவது மாட்யூலுக்கு உள்ளே இருப்பது. கரண்டு திரும்பி வந்தால் ரிலே என்ன நிலையில் எழுந்திருக்க வேண்டும் என்று ஓர் அமைப்பு எல்லா நல்ல மாட்யூலிலும் உண்டு: அணைந்தே இரு, எரிந்தே இரு, கடைசியாக இருந்த நிலைக்குப் போ. பலரும் கடைசி நிலை என்பதைத் தேர்ந்தெடுப்பார்கள், கேட்க நியாயமாக இருக்கும். ஏழு மணி நிலை இரண்டு மணிக்குப் பொருந்துமா என்று யோசிப்பதில்லை. என் தீர்ப்பு இது. மோட்டார், கீசர் இரண்டும் அணைந்த நிலையிலேயே எழ வேண்டும், இதில் பேச்சே கிடையாது. படுக்கையறை, ஹால் விளக்குகளுக்கும் அதுவே நல்லது. மாடிப்படி விளக்குக்கு வேண்டுமானால் கடைசி நிலை இருக்கட்டும். ஃப்ரிட்ஜை ஸ்மார்ட் பிளக்கில் மாட்டவே வேண்டாம். அணைக்கத் தேவையே இல்லாத சாமானுக்கு எதற்கு ஓர் அணைக்கும் பெட்டி?

இரண்டாவது கோளாறு விதியை நடத்துகிற மூளையில். மோடமும் மூளையும் இன்வெர்ட்டரில் இருக்கும், ஹால் விளக்கின் மாட்யூல் வெளி லைனில் இருக்கும். கரண்டு போனதும் மூளைக்கு அந்த விளக்கு 'கிடைக்கவில்லை' என்று ஆகிவிடுகிறது. கரண்டு வந்ததும் 'கிடைக்கவில்லை' என்பதிலிருந்து 'எரிகிறது' என்று மாறுகிறது. மூளைக்கு அதுவும் ஒரு மாற்றம்தான், விதி கிளம்பிவிடுகிறது. வைஃபை பத்து நொடி விட்டுவிட்டு வந்தாலும் இதே கூத்து நடக்கும். நெதர்லாந்துக்காரர் பவுலுஸ் ஸ்கௌட்சன் 2013-ல் தொடங்கி, இன்று உலகெங்கும் ஆர்வலர்கள் பயன்படுத்தும் ஹோம் அசிஸ்டென்ட் என்ற இலவச மென்பொருளில் இதற்கு நேரடி வழி இருக்கிறது. 'அணைந்தது' என்ற நிலையிலிருந்து 'எரிகிறது' என்று மாறினால் மட்டும் கிளம்பு, 'கிடைக்கவில்லை'யிலிருந்து வந்தால் சும்மா இரு என்று எழுதலாம். ஒரே ஒரு வரி. அந்த வரி இருந்திருந்தால் பக்கத்து வீட்டு அண்ணாச்சி தூங்கியிருப்பார்.

வேறு கம்பெனிகளின் செயலிகளில் இவ்வளவு நுணுக்கமாக எழுத இடம் இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் விளக்கின் நிலையை வைத்துத் திருடனைக் கண்டுபிடிக்கிற விதியே வேண்டாம். கதவில் ஒரு சென்சார் வையுங்கள், அது போதும்.

தன் வீட்டு விளக்கு தன் உத்தரவில்லாமல் எரிகிற இந்தத் தொல்லை போனோடு வந்தது என்று நினைக்காதீர்கள். 1975-ல் எக்ஸ்10 என்று ஒரு முறை வந்தது. வீட்டு மின்கம்பி வழியாகவே சிக்னல் அனுப்பி விளக்கைப் போடுவது, அணைப்பது. கண்டுபிடித்தவர்கள் ஸ்காட்லாந்தின் கிளென்ராதஸ் என்ற ஊரில் இருந்த பிக்கோ எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்காரர்கள். நம்ம ஊர் மில்லைத் தொடங்கிய ஹார்வி சகோதரர்களும் ஸ்காட்லாந்துக்காரர்கள், பிறகு மதுரா கோட்ஸ் என்ற பெயரில் அந்த மில்லை நடத்திய கோட்ஸ் கம்பெனியாரும் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊர்க்காரர்கள். ஆக இந்த வம்பும் நமக்கு ஒரு வகையில் சொந்தம்தான். எக்ஸ்10-ல் வீட்டுக்கு ஓர் எழுத்து, ஆங்கில ஏ (A) முதல் பி (P) வரை பதினாறு எழுத்துகள். ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரே எழுத்தை வைத்திருந்தால், இவர் போட்ட சுவிட்ச் அவர் வீட்டு விளக்கை எரித்துவிடும். உத்தரவு வந்தது தெரியும், யாரிடமிருந்து வந்தது என்று அந்த விளக்குக்குத் தெரியாது.

குரலில் வரும் உத்தரவுக்கும் இதே கதைதான். 2017 ஏப்ரலில் அமெரிக்காவில் பர்கர் கிங் கம்பெனி ஒரு டிவி விளம்பரம் போட்டது. விளம்பரத்தில் வருபவர், குரலுக்குப் பதில் சொல்லும் கூகுள் ஹோம் என்ற கருவியைக் கூப்பிட்டு, தங்கள் பர்கர் என்றால் என்ன என்று கேட்பார். டிவிக்கு முன்னால் இருந்த கூகுள் ஹோம்கள் வீட்டுக்காரர்தான் கேட்கிறார் என்று நினைத்துப் பதில் சொல்லத் தொடங்கின. அதையே அவர்கள் விளம்பர உத்தியாக வைத்திருந்தார்கள். கூகுள் அந்தக் குரலைத் தடுத்துப் பார்த்தது, அவர்கள் வேறு குரலில் மறுபடியும் போட்டார்கள். டிவி பக்கத்தில் இந்தக் கருவியை வைத்திருக்கிறவர்கள், மோட்டாரையும் கீசரையும் குரலுக்குக் கட்டுப்படுத்தாமல் இருப்பது உத்தமம்.

ஆக எந்த விதிக்கும் முதல் கேள்வி இதுதான்: போட்டது யார்? ஹோம் அசிஸ்டென்ட் இந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் வைத்திருக்கிறது. ஒவ்வொரு நிலை மாற்றத்தோடும் ஒரு குறிப்பை அது சேர்த்து வைக்கிறது, தபால் கவரின் பின்பக்கம் அனுப்புநர் முகவரி எழுதுவது போல. போனிலிருந்து ஒருவர் போட்டிருந்தால் அந்தப் பயனாளரின் அடையாளம் அதில் இருக்கும். வேறொரு விதி போட்டிருந்தால் அந்தத் தாய் நிகழ்ச்சியின் அடையாளம் இருக்கும். சுவரில் கையால் போட்டிருந்தால் இரண்டு இடமும் காலியாக இருக்கும். இதை வைத்து, 'விதி போட்ட விளக்குக்கு இந்த விதி பதில் சொல்ல வேண்டாம், ஆள் போட்டால் மட்டும் சொல்' என்று எழுதலாம். மகன் ஷார்ஜாவிலிருந்து சோதனைக்காக ஒரு விளக்கைப் போட்டுப் பார்த்து, அதன் வால் பிடித்து வீடு முழுக்கக் கிளம்பாமல் இருக்க இதுதான் வழி. மகனின் அடையாளம் இருந்தால் சும்மா இரு என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும்.

ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது, வயரிங் தொழில் செய்யும் தம்பிமார்கள் கவனிக்க வேண்டும். கரண்டு வந்து மாட்யூல் தானாக எழுந்தாலும் அந்த இரண்டு இடமும் காலிதான். கம்பெனியின் சொந்தச் செயலி வழியாகப் போட்டாலும் பெரும்பாலும் காலிதான். காலி என்றால் ஆச்சியின் கை என்று எடுத்துக்கொண்டால் மறுபடியும் ராத்திரி இரண்டு மணிக்கு அண்ணாச்சியை எழுப்ப வேண்டியதுதான். அதனால் முந்தைய நிலை என்ன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதைவிட உறுதியானது நான் முன்பு சொன்னது: சுவிட்ச் அமுக்கிய தகவலைக் கேட்பது. கரண்டு வந்தால் ரிலே மாறும், யாரும் அமுக்காத பொத்தானிலிருந்து அமுக்கியதாகத் தகவல் வராது. இதற்கு ஸ்பிரிங் வைத்த பெல் சுவிட்ச் மாதிரிப் பொத்தான்தான் நம்பகமானது.

மாடிப்படி விளக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. கீழே ஒரு ஸ்மார்ட் சுவிட்ச், மேலே ஒரு ஸ்மார்ட் சுவிட்ச். கீழ் சுவிட்ச் எரிந்தால் மேல் சுவிட்சைப் போடு, மேல் சுவிட்ச் எரிந்தால் கீழ் சுவிட்சைப் போடு, அணைந்தாலும் அப்படியே என்று நான்கு விதி எழுதுகிறார்கள். கொஞ்ச நாள் ஓடும். ஒருநாள் வைஃபை தாமதமாகி, போட்ட செய்தி போய்ச் சேருவதற்குள் பேரன் சுவிட்சை அணைத்துவிடுவான். போன செய்தியும் வந்த செய்தியும் ஒன்றையொன்று துரத்த ஆரம்பிக்கும். விளக்கு கோயில் கொடை சீரியல் செட் மாதிரி மின்னத் தொடங்கும். இதற்கு நான் சொல்லும் பரிகாரம்: இரண்டு டூ-வே சுவிட்சும் கொஞ்சம் செம்புக் கம்பியும். டூ-வே வயரிங்குக்குப் பாஸ்வேர்டு கிடையாது.

விதிகளை நிறுத்தி வைப்பது எப்படி என்பதையும் பேச வேண்டும். ஒரு வீட்டில் துஷ்டி ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க ஆட்கள் வந்துகொண்டிருப்பார்கள், வாசலில் பெஞ்ச் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பதினோரு மணிக்கு வீடு தன் வழக்கப்படி ஒவ்வொரு விளக்காக அணைக்கத் தொடங்கினால் எப்படி இருக்கும்? அழுதுகொண்டிருக்கிற வீட்டில் போனை எடுத்துச் செயலியைத் திறந்து விதியை நிறுத்த யாருக்கு மனம் வரும்? விதி எழுதியவர் விமானத்தில் வந்துகொண்டிருப்பார். கோயில் கொடை, கல்யாணம், சடங்கு என்று வீட்டில் வழக்கம் மாறுகிற எல்லா நாளுக்கும் இது பொருந்தும். வருஷத்தில் முந்நூறு நாள் சரியாக நடக்கிற விதி, மிச்சம் இருக்கிற நாட்களில் மானத்தை வாங்கிவிடும்.

அதனால் விதி வைத்திருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் சுவரில், கைக்கு எட்டுகிற உயரத்தில், ஒரு சுவிட்ச் வேண்டும். அதைப் போட்டால் எல்லா விதியும் வாயை மூடிக்கொள்ள வேண்டும், சுவிட்சுகள் எல்லாம் வெறும் சுவிட்சுகளாக வேலை செய்ய வேண்டும். மேலே 'விசேஷம்' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் மோட்டாரை நிறுத்துகிற விதி மட்டும் இதற்குக் கட்டுப்பட வேண்டாம். நிறுத்துகிற விதி எப்போதும் இருக்கலாம், மில் ஸ்டாப் மோஷனைப் போல. அப்புறம், இந்த விசேஷ சுவிட்ச் மறுநாள் காலை பத்து மணிக்குத் தானாக விடுபடட்டும், அல்லது போனில் ஒரு ஞாபகமாவது வரட்டும். இல்லையென்றால் கொடை முடிந்து மூன்று மாதம் கழித்து, வாசல் விளக்கு ஏன் சாயங்காலம் எரியவில்லை என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவீர்கள்.

தொட்டி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. மிதவை ஒரே மட்டத்தில் போடவும் நிறுத்தவும் செய்தால், தண்ணீர் கொஞ்சம் அலைந்தாலே மோட்டார் போட்டு அணைத்து, போட்டு அணைத்து உயிரை விடும். போடும் மட்டம் கீழேயும் நிறுத்தும் மட்டம் மேலேயும் நன்றாக விலகி இருக்க வேண்டும். ஸ்மார்ட் சுவிட்ச் வைத்தாலும் நோ வோல்ட் காயில் உள்ள ஸ்டார்ட்டரைக் கழற்றாதீர்கள். ரிலே அந்தக் காயிலுக்குக் கட்டளை கொடுக்கட்டும், மோட்டார் கரண்டை அது சுமக்க வேண்டாம்.

கடைசியாக வயரிங் தம்பிகளிடம் இரண்டு விஷயம். ஒன்று: பழைய வீட்டு போர்டில் சில இடங்களில் நியூட்ரல் இருக்காது, மாட்யூலுக்கு நியூட்ரல் வேண்டும். எர்த் கம்பியை நியூட்ரலாகப் பிடித்துக் கொடுத்து வேலையை முடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வேலையல்ல, கொலை. ஃப்ரிட்ஜ் கதவைத் தொடுகிற குழந்தைக்கு அந்தக் கரண்டு போகலாம். நியூட்ரல் இழுக்க முடியாவிட்டால் அந்த போர்டை விட்டுவிடுங்கள்.

இரண்டு: மாட்யூல் வைத்த வீட்டில் சுவிட்ச் கீழே இருந்தால் எரிகிறது, மேலே இருந்தால் அணைந்தது என்ற கணக்கு செல்லாது. சுவிட்ச் அணைந்த மாதிரி இருக்கும்போதே ஷார்ஜாவிலிருந்து மகன் விளக்கைப் போடலாம், ஒரு விதியும் போடலாம். மின்வாரியத்தில் கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் எல்.சி., அதாவது லைன் கிளியர், வாங்குவார்கள். அதைத் திருப்பிக் கொடுக்கும் வரை அந்த லைனுக்கு யாரும் கரண்டு விடக் கூடாது. பெரிய லைன்களில் பழுது வந்து பிரேக்கர் விழுந்தால் ஒரு நொடியில் தானாக மறுபடி ஏறுகிற ஏற்பாடு இருக்கும், ஆட்கள் வேலை செய்கிறபோது அதையும் நிறுத்தி வைப்பார்கள். வீட்டில் ஹோல்டர் மாற்றுவதற்கும் அதே ஒழுக்கம் வேண்டும். ரிலேயை நம்பாதீர்கள், போனை நம்பாதீர்கள். எம்.சி.பி.யை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுக் கையை வையுங்கள்.

வீட்டில் இந்தப் பெட்டிகள் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளைக்குப் பகலில், எல்லோரும் விழித்திருக்கும்போது, மெயினை அணையுங்கள். ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். யாரும் எதையும் தொட வேண்டாம். என்னென்ன தானாக எரிகிறது, என்னென்ன ஓடுகிறது, யார் போனுக்குத் தகவல் போகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். எழுதிய தாளை விதி எழுதிய மகனுக்கோ மகளுக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அந்தத் தாளில் மோட்டாரோ கீசரோ இருந்தால், சாயங்காலத்துக்குள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிடுங்கள்.